முழக்கோல்

எங்கள் வீட்டு எரவாணத்தில் ஒரு மூங்கில் குச்சி செருகியிருக்கும். 18 அங்குலம், ஊர்க்கணக்கில் ஒரு முழம். அப்பா அதைத் தன் கையை அளந்து வெட்டவில்லை, அம்மாவின் அடுப்பை அளந்து வெட்டினார். அடுப்பு வாயிலிருந்து பின்சுவர்வரை 10 அங்குலம். கை சுடாமல் கொள்ளியைப் பிடித்து உள்ளே தள்ள வெளியே 8 அங்குலம். விறகு அதைவிட நீளமானால் முன்பாரம் இழுத்துக் கொள்ளி வெளியே சரியும். குட்டையானால் பிடிக்க இடமிருக்காது, தள்ளுகிறவள் விரல்தான் வேகும்.

முப்பது வருடமாகச் சீமைக்கருவேல் அறுக்கிறேன். வெட்டும் வேகத்தை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். அளவைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கல்யாணம் கெட வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு 19 வயது. அவசரத்தில் குச்சியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டேன். முதல் துண்டைக் கையால் முழம் போட்டு அறுத்தேன். அதை வைத்து இரண்டாவது, இரண்டாவதை வைத்து மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் அடையாளம் கால் அங்குலம் தள்ளி விழுந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. இருபது துண்டில் அது கிட்டத்தட்ட 5 அங்குலம். வீட்டு அடுப்பிலேயே கல்யாணப் பந்திக்கு உலை வைத்த இடத்தில், கொள்ளிகள் சரிந்து அடுப்பு வாயிலேயே எரிந்தன. பாத்திரத்துக்குக் கீழே தணல் நிற்கவில்லை. சமையல்காரப் பெரியம்மா என்னைத் திட்டவில்லை. நீண்டு நின்ற கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொல்லையில் போட்டு, அரிவாளால் நுனி தறிக்கத் தொடங்கினார். சோறு இறக்க ஒரு மணி நேரம் தாமதம். அந்த அரிவாள் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றைக்குப் பிறகு வெட்டிய துண்டை வைத்து அடுத்த துண்டை அளந்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் குச்சிதான். கட்டையின் அடிப்பக்கத்தில் குச்சியின் முனையை ஒட்டிவைத்து, மறுமுனையில் அரிவாள் நுனியால் பட்டையில் ஒரு கொத்து. பச்சைப் பட்டையில் கொத்து வெள்ளையாகத் தெரியும், சுண்ணாம்பே வேண்டாம். குச்சியை அந்தக் கொத்துக்கு நகர்த்தி அடுத்தது. கட்டை முழுக்கக் கொத்திய பிறகே அறுக்கும் மிஷினைக் கிளப்புவேன். மிஷின் வாள் ஒவ்வொரு அறுப்புக்கும் கால் அங்குலத்துக்குக் குறையாமல் தூளாக்கும். அதனால் கொத்துக்கு எப்போதும் ஒரே பக்கத்தில்தான் வாளை இறக்க வேண்டும். ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் என்றால் குச்சி வைத்து அளந்தும் பயனில்லை.

சீமைக்கருவேல் நேராக வளர்ந்து நமக்கு உபகாரம் செய்யாது. கவை எங்கே, கணு எங்கே என்று முதலில் தடவிப் பார்ப்பேன். கவையை ஒரே துண்டுக்குள் அடக்கிவிட்டால் மற்றவை கோடாலிக்கு நேராகப் பிளக்கும். அந்தக் கவைத்துண்டோடு மல்லுக்கட்டுவதில்லை, முழுசாகவே சூளைக்குப் போகும். 10 அடிக் கட்டையில் ஆறு முழத்துண்டு போக ஓரடி மிஞ்சும். மிச்சத்தை எல்லாத் துண்டுக்கும் பங்கிட்டு நீட்டிவிடச் சில ஆட்கள் சொல்வார்கள். எனக்கு அது சம்மதமில்லை. ஓரடித் துண்டுகளைத் தனியே குவித்தால் வெந்நீர் அடுப்புக்கு ஆகும்.

பச்சையில் வெட்டினால் காய்ந்தபின் நீளம் குறையாதா என்று கேட்பார்கள். குறைவது பருமன்தான். நீளத்தில் மரம் சுருங்குவது கண்ணுக்குப் புலப்படாது. ஈரம் அறுத்த முகத்தின் வழியாகத்தான் வேகமாக வெளியேறும்; முகத்தில் நட்சத்திரம்போல வெடிப்பு விழுவதைப் பார்க்கலாம். ஒரே நீளத் துண்டுகளை அட்டி போட்டால் இரு முகமும் காற்றுக்குச் சமமாகத் திறந்திருக்கும், எல்லாம் ஏறத்தாழ ஒன்றாகக் காயும்.

கல்யாணத்துக் கோட்டை அடுப்புக்குத் தனிக் குச்சி வைத்திருக்கிறேன், 30 அங்குலம். காட்டுக்குக் கொண்டுபோகும் குச்சிகள் வருடத்தில் முனை தேய்ந்துவிடும். புதுசு வெட்டும்போது தேய்ந்ததை வைத்து அளப்பதில்லை. எரவாணத்துக் குச்சியை இறக்கி, அதை வைத்தே அளப்பேன். அது காட்டுக்கு வருவதில்லை.

போன தையில் பழைய அடுப்பு விரிசல் விட்டுப்போய், அம்மா புதிதாக மண் பிசைந்து போட்டார். பாதியில், "டேய், அந்தக் குச்சியை எடு" என்றார். ஈரக் களிமண் வாய்க்குள் குச்சியை நீட்டிப் பார்த்தார். வெளியே நின்ற பாகத்தைக் கையால் பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னும் ஒரு உருண்டை மண் எடுத்து, பின்சுவரை இரண்டு விரல்கடை முன்னால் இழுத்துப் பூசினார்.