தொண்டை உடையற இடம்

எச்சரிக்கை: இது சுயபுராணம். சங்கீத ஞானம் உள்ளவங்க மன்னிச்சுடுங்க.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துல பாட்டுப்போட்டி. மேல் ஸ்தாயியை எட்டினப்போ தொண்டை பிளந்து 'கீச்'னு ஒரு சத்தம். ஹால் மொத்தமும் சிரிச்சது. அதுக்கப்புறம் நான் குளியலறையில கூட பாடினதில்லை. அப்பேர்ப்பட்ட நான் இப்போ வாராவாரம் பாட்டு கத்துக்கறேன். அதுவும் அமெரிக்காவின் பழைய கன்ட்ரி மியூசிக்!

வேலை என்னைக் கொண்டுவந்து போட்ட ஊர் டென்னஸ்ஸி மாநிலத்தில் இருக்கும் நாக்ஸ்வில். பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தா. சாயங்காலமானா வாசல்ல கிடாரோட உட்கார்ந்துடுவார். ஒரு நாள் அவர் குரல் திடீர்னு கீழிருந்து மேலே தாவியது. யோடலிங். அடுத்த நிமிஷம் நான் அவர் வாசல்ல நின்னேன். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

முதல் பாடம் ஜி, சி, டி என மூணு கார்டு. (நம்ம கணக்குல ஜி அஞ்சு கட்டை.) பழைய பாட்டு பலதும் இந்த மூணுக்குள்ளேயே முடிஞ்சுடும். கஷ்டம் வேற இடத்துல. நான் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைச்சு அசைச்சுப் பாட, தாத்தா கையைக் காட்டி நிறுத்துவார். "அலங்காரம் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட உன் கஷ்டத்தைச் சொல்ற மாதிரி சொல்லு."

மூணாவது மாசம் யோடலிங். நெஞ்சுக் குரல்ல 'ஓ'ன்னு ஆரம்பிச்சு, பொய்க்குரல்ல 'ஈ'ன்னு தாவணும். நம்ம ஊர்ல இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒட்டு தெரியக்கூடாதுன்னு சாதகம் பண்ணுவாங்க. இங்கே அந்த ஒட்டுதான் பாட்டே. நான் தாவினேன். அதே பழைய 'கீச்'. காது சிவந்துபோச்சு. தாத்தா தொடையைத் தட்டி, "அதேதான், அதை மறைக்காதே" என்றார். பதினஞ்சு வருஷமா பக்னு நினைச்சது ஃபீச்சராம் :-)

இதைப் பிரபலமாக்கியவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். ரயில்வேயில் பிரேக்மேனா இருந்தவர். காசநோய் வந்ததால அந்த வேலையை விட்டார். 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் என்ற ஊரில் முதல் இசைத்தட்டுக்குப் பாடினார். (போய்ப் பார்த்தேன். மெயின் ரோட்டுக்கு ஒரு பக்கம் டென்னஸ்ஸி, மறுபக்கம் வர்ஜீனியா!) 1933 மே மாசம் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கட்டிலில் படுத்து மூச்சு வாங்கிக்கிட்டே பாடி முடிச்சார். ரெண்டு நாளில் போயிட்டார். வயசு 35.

எங்கப்பாவும் ரயில்வேதான். ஜோலார்பேட்டையில் கார்டு. சந்திரபாபு பைத்தியம். நைட் டூட்டி முடிஞ்சு வரும்போது தெருமுனையிலேயே சந்திரபாபு மாதிரி யோடலிங் ஆரம்பிச்சுடுவார். "மானம் போகுது"ன்னு அம்மா கதவைத் திறக்க ஓடுவாங்க. நானும் அப்போ வெட்கப்பட்டேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி அவருக்குப் பக்கவாதம். கை கால் ஓரளவு தேறிடுச்சு, பேச்சு தேறலை. போன் பண்ணினா நானே பேசணும், அந்தப் பக்கம் "ம்" மட்டும் வரும். வானிலை, சாப்பாடு, ஆபீஸ்னு சொல்லிட்டு அஞ்சு நிமிஷத்துல வெச்சுடுவேன். வெச்சப்புறம் ஒரு மாதிரி இருக்கும்.

போன வாரம் பேச விஷயம் தீர்ந்துபோச்சு. சட்டுனு, "அப்பா, ஒண்ணு கேளுங்க"ன்னு சொல்லிட்டு யோடலிங்கை எடுத்துவிட்டேன். மேலே போகும்போது வழக்கம்போல உடைஞ்சது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட் ஆயிடுச்சோன்னு போனைப் பார்த்தேன்.

"அப்பா சிரிக்கிறாருடா"ன்னு அம்மா குரல். அப்புறம் திக்கித் திக்கி அவரே, "இன்... னொரு... வாட்டி."

பாடினேன். அன்னிக்கு நாப்பது நிமிஷம் பேசியிருக்கோம். பேசினோம்னா, பாதி நேரம் நான் கத்தினேன், அவர் சிரிச்சார்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சு. எங்க தெருக்காரங்களே, இப்பவே மன்னிப்பு கேட்டுக்கறேன்!