ஆஸ்பத்திரிக்காக ஓட்டுப் போட்ட ஊர்

இங்கிலாந்தில் பர்மிங்காமுக்குத் தென்மேற்கே, ரயிலில் முக்கால் மணி நேரத்தில் கிட்டர்மின்ஸ்டர் வந்துவிடும். தரைக் கம்பளம்தான் இந்த ஊருக்குச் சோறு போட்டது. ஆலைகள் ஓடிய நாட்களில் சாயக் கழிவு கலந்து ஸ்டவர் ஆறு நிறம் மாறி ஓடியதைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். ஆலைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஒன்றில் கம்பள அருங்காட்சியகம் நடக்கிறது. தபால்தலை முறையைக் கொண்டுவந்த ரோலண்ட் ஹில் 1795-ல் பிறந்தது இங்கேதான். நகர மன்றத்தின் முன் அவருக்குச் சிலை உண்டு.

ஆனால் பிரிட்டிஷ் அரசியல்வாதிகளுக்கு இந்த ஊர்ப்பெயர் நினைவூட்டுவது கம்பளத்தையோ தபால்தலையையோ அல்ல, ஓர் ஆஸ்பத்திரியை.

சுமார் 25 கி.மீ. தெற்கே வொர்ஸ்டரில், தனியார் முதலீட்டில் புதிய பெரிய மருத்துவமனை கட்டத் திட்டமிட்டார்கள். மாவட்டத்தின் சேவைகளை அங்கே குவிக்க வேண்டும், அதனால் கிட்டர்மின்ஸ்டர் ஆஸ்பத்திரியைச் சுருக்க வேண்டும் என்றது நிர்வாகம். 2000-ல் அங்கிருந்த அவசர சிகிச்சைப் பிரிவு மூடப்பட்டது. வரைபடத்தில் 25 கி.மீ. ஒன்றுமில்லைதான். சொந்தக் கார் இல்லாத கிழவர், வார்டில் படுத்திருக்கும் மனைவியைப் பார்த்துவிட்டு இருட்டியபின் ஊர் திரும்ப வேண்டுமென்றால் அது எவ்வளவு தூரம் என்பது வரைபடம் போடுகிறவர்களுக்குத் தெரியாது. பக்கத்து ஊர்களான பியூட்லி, ஸ்டவர்போர்ட் மக்களுக்கும் இதே கதி.

ஊர் கொதித்தது. ஊர்வலம், கையெழுத்து இயக்கம் எல்லாம் நடந்தன; எங்கும் நடப்பவைதான். இந்த ஊர் அதற்கு மேலும் ஒரு படி போனது. ஆஸ்பத்திரிக்காகவே ஒரு கட்சி கண்டு, முதலில் உள்ளாட்சித் தேர்தல்களில் இடம் பிடித்தது. பிறகு 2001 பொதுத்தேர்தலில், அதே ஆஸ்பத்திரியில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர் ரிச்சர்ட் டெய்லரை தன் தொகுதியான வயர் ஃபாரஸ்ட்டில் நிறுத்தியது. லிபரல் டெமாக்ரட் கட்சி வேட்பாளர் போடாமல் ஒதுங்கிக்கொண்டது. எதிரே நின்ற டேவிட் லாக் ஆளும் லேபர் கட்சியின் துணை அமைச்சர். நாடெங்கும் டோனி பிளேர் அலை அடித்த அந்தத் தேர்தலில் டெய்லர் வாங்கியது 28,487 ஓட்டு, அமைச்சர் வாங்கியது 10,857. அப்போது டெய்லருக்கு வயது 66.

ஒரே கோரிக்கையோடு வந்தவர் ஒரு முறைக்கு மேல் தாங்கமாட்டார் என்று பேசினார்கள். 2005-லும் ஜெயித்தார். நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழுவிலும் இருந்தார். 2010-ல் கன்சர்வேட்டிவ் கட்சியிடம் தோற்றார்.

ஆஸ்பத்திரி முழுதாக மூடப்படவில்லை என்பதில் இந்தப் போராட்டத்துக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். திட்டமிட்ட அறுவைசிகிச்சைகள் நடக்கின்றன, சிறு காயங்களுக்கு ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அமைச்சரை வீட்டுக்கு அனுப்பிய ஓட்டால் அவசர சிகிச்சைப் பிரிவைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. நெஞ்சுவலி என்றால் கிட்டர்மின்ஸ்டர்க்காரர் இன்றும் வெளியூருக்குத்தான் போகவேண்டும்.