ஹீலியத்துக்கு உரிய ஆழம்

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞத்தில் சிப்பி எடுப்போர் மூச்சடக்கி மூழ்குகின்றனர். உடலில் கரியமில வாயு கூடும்போது எழும் தவிப்பே அவர்களை மேலே அழைக்கிறது.

வெளிவிட்ட மூச்சைச் சுத்திகரித்து மீண்டும் தரும் ரீபிரீதர் கருவியுடன் ஆழம் செல்வோருக்கோ அதே வாயு பகையாகிறது. 40 மீட்டர் ஆழத்தில் காற்று 5 மடங்கு அடர்ந்து, லிட்டருக்கு 6 கிராமைத் தாண்டுகிறது. அதை இழுத்துவிடவே நெஞ்சு களைக்கிறது. கரியமில வாயு உடலில் தேங்கி, திரும்பவேண்டும் என்னும் அறிவையே மங்கச் செய்கிறது.

பரிந்துரைக்கப்படும் அடர்த்தி வரம்பு லிட்டருக்கு 5.2 கிராம், காற்று அதனை ஏறத்தாழ 30 மீட்டரிலேயே எட்டிவிடுகிறது. ஹீலியமோ நைட்ரஜனைவிட 7 மடங்கு எடை குறைந்தது. மூச்சு கருவிக்குள்ளேயே சுழல்வதால் அது செலவாவதும் சிறிதே. எனவே, ஆழமற்ற நீரில் கருவியை நன்கு பழகியவர், அனுபவம் முதிரட்டும் எனக் காத்திராமல், 30 மீட்டரைக் கடக்குமுன்பே ஹீலியக் கலவைக்குப் பயிற்சி பெறுதல் நலம்.