பாதியில் நின்ற ஒளிநாடா

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளையொட்டி, அயல்நாட்டில் பணிபுரியும் என் மருமகன் (மூத்த ராத்தாவின் மகன்) ஊருக்கு வந்தபோது எனக்கென ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். கையளவே ஆன சவப்பெட்டி வடிவப் பெட்டி அது. அதைக் கண்ட உம்மா, "இது என்ன வாப்பா, சந்தூக்கு மாதிரி இருக்கு? பெருநாளைக்கு இதையா வீட்டுக்குள்ள கொண்டாறது?" என்று முகம் சுளித்தார்கள். அதனுள் இருந்தவை 5 குறுவட்டுகள்.

ஸ்பெயின் நாட்டு இயக்குநர் அமாந்தோ தே ஓசோரியோ எடுத்த நான்கு பேய்ப்படங்களை ப்ளூ அண்டர்கிரவுண்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் 2005இல் இவ்வாறு தொகுத்து மறுவெளியீடு செய்தது. பழைய கடையொன்றில் அது கிடைத்ததாம். "நீங்க சின்ன வயசுல பாதி பார்த்ததாச் சொன்னீங்களே மாமா" என்றான். பிள்ளைகள் நாம் மறந்ததையும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாதியைப் பற்றிச் சொல்லவேண்டும். 1988ஆம் ஆண்டு என்று நினைவு. எனக்கு வயது ஒன்பது. உம்மாவின் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒளிநாடாக் கருவியொன்றும் சில நாடாக்களும் கொணர்ந்திருந்தார். அவற்றுள் ஒன்றை இரவில் போட்டார்கள். ஆங்கிலம் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. இடிந்த மடாலயம், திறக்கும் கல்லறைகள், உலர்ந்த கைகள், பின்னர் வெண்முக்காடிட்ட எலும்புருவினர் குதிரைகளில் ஏறி, ஓசை அடங்கிய கனவில் போல மெல்ல, மிக மெல்ல வருகிறார்கள். இஷாத் தொழுகை முடித்து வந்த வாப்பா வாயிலில் நின்று சிறிது நேரம் பார்த்தார்கள். பின்பு கருவியை அணைத்துவிட்டு, "இவனுங்கதான் சுல்தான் சலாஹுத்தீனோட சண்டை போட்டவனுங்க. போய்ப் படுங்க" என்றார்கள். அத்துடன் படம் நின்றது. மறுநாள் நாடாவையும் காணவில்லை.

வாப்பா சொன்னது பிழையன்று. அவ்வுருக்கள் டெம்ப்ளர்கள் எனப்படும் துறவு மறவர்கள். ஏறத்தாழ 1119இல் பைத்துல் முகத்தஸில் தோன்றிய சபையினர். மஸ்ஜிதுல் அக்ஸாவையே தலைமையிடமாகக் கொண்டிருந்தவர்கள். 1187இல் ஹித்தீன் போர்க்களத்தில் சுல்தானிடம் தோற்றவர்கள். ஆனால் நான் அந்த ஒரு செய்தியோடு நில்லாமல், திரையில் கண்டவற்றையும் வரலாறாகவே உள்ளத்தில் பதித்துக்கொண்டேன். விரிவுரையாளராகச் சேர்ந்த சில ஆண்டுகளில், சிலுவைப்போர் குறித்த கூட்டமொன்றில் பேசும்போது, "டெம்ப்ளர்கள் சாத்தானை வணங்கினர், குருதி குடித்தனர்" என்று ஐயமின்றி முழங்கினேன். கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்தபின் ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர் ஒருவர் அருகே வந்து, "தம்பி, இதை எந்த நூலில் படித்தீர்கள்?" என்று மென்மையாகக் கேட்டார். என்னிடம் விடை இல்லை. எந்த நூலிலும் படிக்கவில்லை. ஒளிநாடாவில் பார்த்தேன் என்று சொல்ல நாணினேன்.

இப்போது முழுப்படத்தையும் பார்த்தபோது என் அறியாமையின் ஊற்று கையில் அகப்பட்டது. ஸ்பானிய மொழியில் 'லா நோச்சே தெல் தெர்ரோர் சியேகோ' எனவும் ஆங்கிலத்தில் 'டூம்ஸ் ஆஃப் தி பிளைண்ட் டெட்' எனவும் வழங்கும் அப்படம் 1972இல் வெளிவந்தது. ஓடும் தொடர்வண்டியிலிருந்து குதித்து, பாழூரில் இரவு தங்கும் பெண் ஒருத்தி அங்கே மாள்கிறாள். அவளைத் தேடிச் செல்லும் நண்பர்களும் சிக்குகிறார்கள். டெம்ப்ளர்கள் கீழை நாடுகளிலிருந்து சாவாமையின் மறைகலையைக் கற்றுவந்து குருதி பருகினராம். தூக்கிலிடப்பட்டபின் அவர்தம் கண்களைக் காக்கைகள் கொத்தினவாம். ஆதலின் எழுந்துவரும் பிணங்கள் ஒலியைக்கொண்டே வேட்டையாடும். மூச்சடக்கி நிற்கும் பெண்ணின் நெஞ்சத்துடிப்பே அவளைக் காட்டிக்கொடுக்கும் காட்சி, அச்சக்கலையில் உயர்ந்தது என்றே கூறுவேன்.

இக்குறுவட்டில் ஸ்பானியப் பதிப்பும், கால்மணி நேரத்திற்கும் மேலாக வெட்டப்பட்ட ஆங்கிலப் பதிப்பும் உள்ளன. சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டுப் பழகிய கண் சும்மா இருக்குமா? இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஸ்பானியத்தில் டெம்ப்ளர்களின் கொடுஞ்சடங்கு கதையின் நடுவே, ஒருவர் சொல்லக் கேட்கும் பழங்கதையாக வருகிறது. ஆங்கிலப் பதிப்பிலோ அதே காட்சியைப் பெயர்த்துத் தொடக்கத்தில் வைத்துவிட்டார்கள். காட்சி ஒன்றே, இடம்தான் வேறு. ஆயினும் நடுவே வரும்போது 'இப்படிச் சொல்கிறார்கள்' என்றிருந்தது, முகப்பில் வரும்போது 'இப்படி நடந்தது' என்றாகிவிடுகிறது. ஒன்பது வயதில் நான் கண்டது இவ்வெட்டுப் பதிப்பாகத்தான் இருக்கவேண்டும். சடங்கைக் கண்ட பின்னரே குதிரைகளைக் கண்டதாக நினைவு.

பதிப்பாளர் கைவரிசைக்கு இதனினும் பெரிய சான்று ஒன்று உண்டு. மனிதக் குரங்குகள் பற்றிய ஆங்கிலப் படமொன்று 1968இல் வெற்றிபெற்றதன்றோ? அந்த அலையில் இலாபம் காண எண்ணிய அமெரிக்க வணிகர் சிலர் முகவுரை ஒன்றை ஒட்டி, இப்பிணங்கள் மனிதரால் கண் பறிக்கப்பட்ட குரங்குகளே என்று மாற்றிவிட்டனர்! அந்த ஒட்டுமுகவுரையும் பெட்டியில் சேர்க்கப்பட்டுள்ளது. உம்மாவும் கேட்டுச் சிரித்தார்கள். ஓசோரியோவும் ஒரே கதையில் நிற்பவர் அல்லர். 1973இல் எடுத்த இரண்டாம் படத்தில் கண்களைக் கொத்தியது காக்கை அன்று, ஊரார் தீப்பந்தத்தால் சுட்டனர் என்கிறார்.

படம் எடுக்கப்பட்ட சூழலையும் கருதவேண்டும். அது ஃபிராங்கோவின் ஆட்சிக்காலம். தம் உள்நாட்டுப் போரையே 'சிலுவைப்போர்' என்று போற்றிய ஆட்சி அது. ஸ்பானிய மண்ணில் பேய்களும் அரக்கர்களும் உலவுவதைத் தணிக்கையாளர் விரும்பவில்லை. 1968இல் பால் நாச்சி படைத்த ஓநாய்மனிதன் போலந்து நாட்டவனாக ஆனது அதனால்தான். ஓசோரியோவின் பாழூரும் எல்லைக்கு அப்பால் போர்த்துகலில் வைக்கப்பட்டது. எனினும், வாளேந்திய கிழட்டுத் துறவிகள் கண்ணின்றி, ஓசையெழுப்பும் இளையோரைத் தேடி வேட்டையாடுவதைக் கண்ட ஸ்பானியர் சிலருக்காவது உட்பொருள் விளங்காமல் இருந்திராது. ஃபிராங்கோ 1975 நவம்பரில் மறைந்தார். அவ்வாண்டிலேயே நான்காம் படமும் வந்து வரிசை முடிந்தது.

குறைகளை மறைக்கவேண்டியதில்லை. பெண்ணொருத்தி வன்முறைக்கு ஆளாகும் காட்சி கதைக்கு எவ்வகையிலும் தேவையற்றது, சந்தைக்காகச் செருகப்பட்டது. நான் அதைக் கடத்திவிட்டேன். மாணவர்களுக்கு இப்படத்தைப் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. படத்தின் பழிகள் ஓசோரியோவின் கற்பனை மட்டுமல்ல. அவற்றுக்கு வேர் உண்டு. 1307 அக்டோபர் 13 அன்று பிரான்சு மன்னன் நான்காம் பிலிப், தான் கடன்பட்டிருந்த அச்சபையினரைக் கூட்டமாகச் சிறைப்பிடித்தான். சிலை வணங்கினர், மதம் மறுத்தனர் என்றெல்லாம் சித்திரவதையால் ஒப்புக்கொள்ளச் செய்தனர். 1312இல் சபை கலைக்கப்பட்டது. 1314இல் தலைவர் எரிக்கப்பட்டார். அவர்கள் வணங்கியதாகக் கூறப்பட்ட சிலைக்கு வைத்த பெயர்கூட, பெருமானார் (ஸல்) அவர்களின் திருப்பெயர் பழைய பிரெஞ்சு நாவில் சிதைந்ததே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆக, நான் மேடையில் கைதட்டல் வாங்கிய அந்தப் பழி, நம்மையும் சேர்த்துப் பழித்த பழி! போர்த்துகலிலோ மன்னர் தினிஸ் அவர்களைத் தண்டிக்கவேயில்லை. 1319இல் வேறு பெயரில் அச்சபையைத் தொடரச் செய்தார். அந்த நாட்டில்தான் படம் அவர்களைத் தூக்கிலிடுகிறது.

அன்று என்னிடம் வினவிய பெரியவர், ஒரு வாரம் கழித்து உசாமா இப்னு முன்கித் எழுதிய தன்வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தந்தார். உசாமா 12ஆம் நூற்றாண்டுச் சிரியப் பெருமகன். சிலுவைப்போர்க் களங்களில் வாளேந்தியவர். அவர் பைத்துல் முகத்தஸ் செல்லும்போதெல்லாம், அக்ஸாவில் இருந்த டெம்ப்ளர் நண்பர்கள், தேவாலயமாக்கப்பட்டிருந்த அருகிலுள்ள சிறு பள்ளியை அவர் தொழுவதற்காக ஒழித்துத் தருவார்களாம். ஒருநாள் புதிதாய் வந்த ஐரோப்பியன் ஒருவன், தொழுதுகொண்டிருந்தவரைப் பற்றிக் கிழக்கே திருப்பினான். டெம்ப்ளர்கள் அவனை இழுத்து அகற்றினர். மீண்டும் வந்தான், வெளியேற்றினர். பின்னர் உசாமாவிடம், இவன் ஊருக்குப் புதியவன், கிழக்கு நோக்காது தொழுவோரைக் கண்டறியாதவன் என்று பொறுத்தருளக் கேட்டனர். களத்தில் அவர்கள் பகைவர் என்பதை உசாமா எங்கும் மறைக்கவில்லை. இதையும் மறைக்கவில்லை.

நூலைத் திருப்பித் தந்தபோது, அடுத்த கூட்டத்தில் திருத்திச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. பெரியவரும் மறைந்துவிட்டார். இம்மலரில் எழுதக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

படத்தின் இறுதியையும் கண்டேன். தப்பியோடும் பெண்ணை ஏற்றத் தொடர்வண்டி நிற்கிறது. அவள் பின்னால் அவர்களும் ஏறிவிடுகிறார்கள். வண்டி நிலையத்தை அடைகிறது. வாப்பா அணைத்தது நன்றே. ஒன்பது வயதில் அதைக் கண்டிருந்தால் இரயிலேறியிருக்க மாட்டேன்.

வாப்பா நிறுத்திய இடம் எது என்று உம்மா கேட்டார்கள். குதிரைகள் வரும் காட்சியைப் போட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார்கள். பிறகு, "மனுசன் கபுர்லேர்ந்து எழும்புனான், சரி. இந்தக் குதிரையெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்கள்.

இரு பதிப்புகளிலும் தேடிவிட்டேன். விடை இல்லை.