தண்ணீர் வரும் வழி

ஷவரில் தண்ணீர் மெலிந்துவிட்டால் உடனே கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டிவிடுகிறோம். சில நாள் நன்றாக இருக்கும். அப்புறம் பழைய கதைதான். வீட்டுக் குழாய்களின் கடைசி முனை ஷவர். வழியில் எங்கே என்ன கோளாறு நேர்ந்தாலும் அங்கே வந்துதான் தெரியும். ஆகவே தண்ணீர் வரும் வழி முழுவதையும் பார்க்காமல் ஷவரை மாற்றுவது வீண் என்பது என் உறுதியான எண்ணம். சென்னையின் தெற்குப் புறநகரில், போர் தண்ணீரை நம்பியிருக்கும் ஓர் அடுக்ககத்தின் மேல்மாடியிலிருந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வரும் பிளம்பர் வந்தவுடன் ஷவரைத் தொடமாட்டார். "அக்கா, சமையல்ரூம் குழாய்ல எப்படி வருது?" என்றுதான் முதலில் கேட்பார். அங்கும் மெலிவு என்றால் நேராக மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். அங்கே நன்றாக வருகிறதென்றால் குளியலறைக்கு வரும் வால்வைப் பார்ப்பார். பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் மெலிந்தால் கீசர் பக்கம் திரும்புவார். எல்லாம் சரியாக இருந்தால்தான் ஷவரைக் கழற்றி, வெறும் குழாயைத் திறந்து பார்ப்பார். ஒவ்வொரு கேள்வியும் வீட்டில் பாதியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடுகிறது. ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். இந்தப் பொறுமைக்காகவே அவர் கேட்கும் கூலியை நான் பேரம் பேசுவதில்லை.

மேல்மாடிக்காரர்களின் பாடு தனி. பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். மொட்டைமாடித் தொட்டிக்கும் எங்கள் ஷவருக்கும் உள்ள உயர வித்தியாசம் இரண்டு, மூன்று மீட்டர்தான். ஆக எங்களுக்குக் கிடைப்பது கால் பார் அளவு. அதே தொட்டியின் தண்ணீர் தரைத்தளத்தில் சீறிக்கொண்டு வரும். கடையில் கண்ணைப் பறிக்கும் அகலமான மழை ஷவர்கள் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஷவருக்கு நிமிடத்துக்கு 2.5 கேலன், அதாவது சுமார் 9.5 லிட்டர் என்று உச்சவரம்பு வைத்தது. அதை அளக்கும் அழுத்தம் ஐந்தரை பார். அந்த அழுத்தம் தொட்டியிலிருந்து தானாகக் கிடைக்க வேண்டுமானால் ஐம்பத்தைந்து மீட்டர் உயரம் வேண்டும். மேல்மாடிக்குச் சிறிய முகமும் குறைந்த துளைகளும் உள்ள ஷவரே பொருத்தம். முடிந்தால் தொட்டியைப் பீடம் கட்டி உயர்த்தலாம். தொட்டியிலிருந்து குளியலறைக்குத் தனியாக ஓர் அங்குலக் குழாய் இறக்கினால் பலன் இன்னும் நன்றாகத் தெரியும். பிரஷர் பம்ப் வைப்பது எளிய வழிதான். ஆனால் பழைய குழாய் உள்ள கட்டடத்தில் சுவருக்குள் இருக்கும் மூட்டுகள் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டே வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஷவர்களுக்கு உண்மையான எதிரி உப்பு. நாங்கள் உப்பு என்று சொல்வது சமையல் உப்பை அல்ல. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் பைகார்பனேட்டுகள் அவை. தண்ணீர் சூடாகும்போது கால்சியம் பைகார்பனேட் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சுண்ணாம்புக்கல்லும் முட்டை ஓடும் அதுவேதான். கீசரின் காயில் மேல் அது தடிப்பாக ஏறும். ஷவரின் துளைகளில் துளி காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொருக்காக நிற்கும். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500. குளிக்கும் தண்ணீரை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சோப்பு நுரைக்காததும் ஷவர் அடைத்துக்கொள்வதும்தான் நமக்குக் கிடைக்கும் அறிக்கை.

இதற்கு மருந்து மளிகைக்கடையிலேயே இருக்கிறது. எலுமிச்சை உப்பு இரண்டு மேசைக்கரண்டி எடுத்து ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஷவரைக் கழற்றி ஒரு மணி நேரம் அதில் ஊறப்போட வேண்டும். குமிழி கிளம்பினால் சுண்ணாம்பு கரைகிறது என்று தெரிந்துகொள்ளலாம். ரப்பர் காம்புகள் உள்ள ஷவராக இருந்தால் விரலால் தேய்த்தாலே பொருக்கு உதிரும். மற்றதற்குப் பழைய பல் பிரஷ் போதும். ஊசியால் குத்தினால் துளை அகன்று, தண்ணீர் கோணலாகப் பீய்ச்சும். கழிப்பறை கழுவும் ஆசிடை மட்டும் இதில் ஊற்றவே கூடாது. அது உப்போடு பளபளக்கும் பூச்சையும் தின்றுவிடும். அந்த ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. துளைகளைச் சுத்தம் செய்யும்போது ஷவர் குழாயோடு சேரும் இடத்தில் உள்ள வலைவாஷரையும் எடுத்துக் கழுவ வேண்டும். போர் மணல் வந்து ஒதுங்குவது அங்கேதான்.

வாளியும் சொம்பும் இருக்க ஷவருக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் வாளிக் குளியலில் வளர்ந்தவள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முழங்கால் தேய்ந்தவருக்குக் குனிந்து மொள்ளவும் முடியாது, சொம்பைத் தலைக்கு மேல் தூக்கவும் முடியாது. எங்கள் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஹேண்ட் ஷவரைக் கையில் பிடித்துத் தானே குளிக்கிறார். யாரும் வந்து குளிப்பாட்ட வேண்டாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஷவர் பழுதானால் அவரிடமிருந்து போவது அந்தத் தனிமைதான். அதனால்தான் இந்த வேலையை நான் தள்ளிப்போடுவதே இல்லை. மிக்ஸருக்குள் உப்பு ஏறினால் பச்சைத் தண்ணீர் குறைந்து திடீரென்று கொதிநீர் பாயும். முதியவர்களின் மெல்லிய தோலுக்கு அது சில விநாடிகள் பட்டாலே போதும், வெந்துவிடும். எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீரை முதலில் திறப்பது, வெந்நீரை முதலில் மூடுவது என்று வழக்கமாக்கிவிட்டோம்.

மூடிய பிறகு ஷவர் சொட்டினால் உடனே பதற வேண்டியதில்லை. உள்ளே தங்கிய நீர் சில நிமிடம் வடியும். இரவில் அடியில் ஒரு குவளை வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் உண்மை தெரியும். நிறைந்திருந்தால் வாஷரோ கார்ட்ரிட்ஜோ தேய்ந்திருக்கிறது. பலம் கொண்ட மட்டும் திருகி மூடினால் வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பும் கெட்டு, ஐந்து ரூபாயில் முடிவது சுவரை உடைக்கும் வேலையாகிவிடும். கழற்றுமுன் வால்வை மூடி, குழாயில் மிச்சமுள்ள நீரை வடித்துவிட்டு, தரையில் உள்ள வடிகால் துளையைத் துணியால் மூட வேண்டும்; திருகாணி விழுந்தால் போனதுதான். டெஃப்ளான் டேப்பை, மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முடுக்கும்போதே பிரிந்துவிடும். கீசரைத் தொடுவதென்றால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, எம்.சி.பி.யையும் இறக்க வேண்டும்.

தொட்டி கழுவிய மறுநாள் ஷவர் இருமுவதுபோல் விட்டுவிட்டு வந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். இருப்பதில் தாழ்வான குழாயைச் சற்று நேரம் முழுதாகத் திறந்து வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பூட்டியே கிடக்கும் விருந்தினர் குளியலறையை நிறைய வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய நிமோனியாவை ஆராய்ந்தபோது வெளிப்பட்ட லெஜியோனெல்லா கிருமி, 20 முதல் 45 டிகிரி வரை சூடுள்ள தேங்கிய நீரில் பெருகும். தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால் தொற்றும். நம் ஊர்க் குழாய்களில் ஆண்டு முழுக்க அந்தச் சூடுதான். வாரம் ஒரு முறை அந்த ஷவரைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, சில நிமிடம் ஓடவிட வேண்டும். ஓடும் தண்ணீரை ஒரு வாளி வைத்துப் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் நான் விடாமல் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், சுவரில் குழாய் போகும் பாதையை அளவு டேப்பை நீட்டி வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு கேளுங்கள். அதைக் கை எட்டும் உயரத்தில், சுவருக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.