ரம்பத்துக்குப் பின்னால் நிற்பது யார்?

வீட்டிலேயே மரவேலை செய்யும் நண்பர்கள் டேபிள் சா வாங்கியதும் முதலில் விசாரிப்பது பிளேடைப் பற்றித்தான். எத்தனை பல், என்ன கம்பெனி, என்ன விலை. மெஷினுக்குப் பின்பக்கம் என்ன வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். அந்தப் பின்பக்கத்தில் நின்றவன் நான்.

பத்தாவது பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒரு மரப்பட்டறையில் வேலைக்குப் போனேன். முன்னால் நின்று பலகையைத் தள்ளுபவர் மேஸ்திரி. பின்னால் நின்று, அறுபட்டு வரும் பலகையைத் தாங்கி இழுப்பவன் பையன். பையன்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் காலனி. உளியையும் இழைப்புளியையும் எங்கள் கையில் தர மாட்டார்கள். நாங்கள் தொட்டால் பதம் போய்விடுமாம். பலகையைப் பிடிக்க மட்டும் எங்கள் கை ஆகும்.

அந்த இடத்தின் ஆபத்து என்ன என்று தெரிய, பிளேடு சுற்றும் விதம் தெரிய வேண்டும். முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்திக் கீழ்நோக்கி அறுக்கின்றன. பின்பக்கப் பற்கள் மேலே எழுகின்றன. அறுபட்ட பலகை கொஞ்சம் கோணி அந்தப் பின்பக்கப் பற்களில் மாட்டினால், தள்ளுபவரை நோக்கி மரம் திருப்பி அடிக்கும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பின்னால் ஒருவன் பலகையைப் பிடித்திருந்தால் பலகையோடு அவன் கையும் பிளேடுக்குப் போகும். விட்டுவிட நேரம் இருக்காது.

எங்களில் ஒருவனுக்கு வலது கையில் இரண்டு விரல் அப்படித்தான் போயின. "ஒழுங்கா இழுக்கத் தெரியலடா அவனுக்கு" என்றார்கள். மறுநாள் அதே இடத்தில் வேறொரு பையன் நின்றான்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இயந்திரத்துக்குத் தடுப்பு வைக்கச் சொன்னது. போதிய பயிற்சியோ மேற்பார்வையோ இல்லாமல் இளையோரை ஆபத்தான இயந்திரத்தில் நிறுத்தக் கூடாது என்றது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் குறைந்தது 10 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020இல் கொண்டுவந்த தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கியது. நான்கு பேர் உழைக்கும் பட்டறை இரண்டு கணக்கிலும் வராது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கினார். ஒரு மெஷினின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்தால் அது விளங்கும்.

இப்போது என் வீட்டுக் கொட்டகையில் சிறிய டேபிள் சா ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் நான் ஒரு மேசை போட்டிருக்கிறேன். அவுட்ஃபீட் டேபிள் என்பார்கள். செய்வது கடினமில்லை.

முதலில் நீளம். 18 மி.மீ. ப்ளைவுட் 8க்கு 4 அடித் தாள் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை நீளவாக்கில் அறுத்து முடிக்கும்போது முழு 8 அடியும் பிளேடைத் தாண்டியிருக்கும். எடையின் நடு 4 அடியில். அதையும் கடந்து தாங்கல் இருந்தால்தான் பலகை பின்னால் கவிழாது. மெஷினின் சொந்த மேசையும் பிளேடுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் தரும். ஆகவே 4 அடி மேசை போதும்.

அடுத்து உயரம். மெஷின் மேசையைவிட 2 மி.மீ. தாழ்வாக வைத்தேன். ஒரு நூல்கூட உயரக் கூடாது. பலகை முட்டி நிற்கும், நின்றால் கோணும். நம் தரைகளில் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். நான்கு காலையும் ஒரே அளவில் வெட்டினால் மேசை சாயும். ஒவ்வொரு காலின் அடியிலும் நட்டைப் பதித்து 10 மி.மீ. போல்ட் முடுக்கினேன். ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றரை மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். நேரான அலுமினியச் சட்டத்தை மெஷின் மேசைமேல் வைத்துப் பின்னால் நீட்டி, நான்கு மூலையிலும் இடைவெளி பார்த்துச் சரிசெய்தேன்.

மெஷின் மேசையில் உள்ள இரண்டு காடிகளையும் இதிலும் தொடர்ந்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் குறுக்கே அறுக்கும்போது காடியில் ஓடும் பட்டை வந்து இடிக்கும். காடியின் ஓரங்களை உளியால் சுத்தம் செய்தேன். முன்விளிம்பை இழைப்புளியால் சரித்தேன். பதம் போகவில்லை. மேலே சன்மைக்கா ஒட்டி, மெழுகுவர்த்தி தேய்த்தேன். பலகை வழுக்கிக்கொண்டு போகிறது. இந்த மேசை இருக்கிறதென்று பிளேடின் மூடியையும், அதன் பின்னால் நிற்கும் பிளவுத் தகட்டையும் கழற்றிவிடாதீர்கள். அவை வேறு காவல்.

மொத்தச் செலவு அரைத் தாள் ப்ளைவுட், கொஞ்சம் சட்டம், நான்கு போல்ட், ஒரு துண்டு சன்மைக்கா. இரண்டு நாள் வேலை. இதைச் செய்யத் தெரியாத மேஸ்திரி ஊரில் கிடையாது. பையனின் கூலி மலிவு என்பதால் செய்யவில்லை. அவன் விரல் அதைவிட மலிவு.

மேசை போட்டால் பையனுக்கு வேலை போய்விடுமே என்பார்கள். அவனை முன்பக்கம் கூப்பிடுங்கள். அளவு போட, இழைக்க, பொருத்தக் கற்றுக்கொடுங்கள். பலகையைத் தாங்குவது மேசையின் வேலை.

அடுத்த முறை கட்டிலோ கதவோ சொல்லப் பட்டறைக்குப் போகிறவர்கள், விலை பேசும் முன் மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு பையன் நின்றால், மேசை எங்கே என்று கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் மேஸ்திரி செய்வார்.