பிரிண்டருக்கு ஒரு பூட்டு!

எங்கள் ஆபீஸில் பதினொரு பேர். பிரிண்டர் ஒன்றே ஒன்று. கூட்டுக் குடும்பத்துக் குளியலறை மாதிரி! காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை மொத்த வியாபாரம். நான் கணக்கு எழுத வந்தவன். ஒரு நாள் கழன்று கிடந்த ஒயரைச் சரியாகச் செருகிவிட்டேன் என்பதற்காக 'சிஸ்டம் ஆள்' ஆக்கப்பட்டேன். சம்பளம் அதே!

தினமும் ஒரு பஞ்சாயத்து. யாரோ ஒருத்தர் மகனுடைய ஸ்கூல் பிராஜெக்டுக்காகக் காகித அளவை ஏ3 என்று மாற்றிவிட்டுப் போய்விடுவார். அடுத்து யார் பில் அடித்தாலும் பிரிண்டர் ஏ3 கேட்டுக் கண்ணைச் சிமிட்டும்.

"யாருய்யா மாத்தினது?" என்பார் மானேஜர். பதினொரு பேரும் சீலிங் ஃபேனைப் பார்ப்போம்.

தோண்டியதில் குட்டு வெளிப்பட்டது. விண்டோஸில் பிரிண்டருக்கு முக்கியமாக மூன்று உரிமைகள். ஒன்று, பிரிண்ட் எடுப்பது. இரண்டு, வரிசையில் நிற்கும் அடுத்தவர் வேலையையும் நிறுத்துவது, நீக்குவது. மூன்று, பிரிண்டரையே நிர்வகிப்பது. எல்லோருக்குமான பொது அமைப்பை மாற்றும் அதிகாரம் இதில்தான். தனக்கு மட்டும் வேண்டிய மாற்றத்தை 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் செய்துகொண்டால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் எங்கள் பிரிண்டரில் 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு நேரே மூன்றிலும் டிக்! ஊருக்கே சாவி.

பிடுங்கினேன் அத்தனையையும். பிரிண்ட் எடுக்கலாம், அவ்வளவுதான். மற்ற இரண்டும் என் ஒருவன் கையில்.

"பிரிண்டர்ல திருட என்னய்யா இருக்கு?" என்றார் மானேஜர்.

2021 ஜூலையில் 'பிரிண்ட்நைட்மேர்' என்று ஓர் ஓட்டை உலகத்தையே பயமுறுத்தியதைச் சொன்னேன். பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் வழியாகக் கம்ப்யூட்டரையே கைப்பற்றலாம். ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட், டிரைவர் போடவே அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும் என்று மாற்றியது. மானேஜர் கப்சிப். எனக்குக் காலர் இரண்டு அங்குலம் உயர்ந்தது.

வைகாசி வந்தது. வரதராஜப் பெருமாள் கருட சேவை. சின்ன காஞ்சிபுரத்தில் கூட்டத்தில் நசுங்கி, தரிசனம் முடிந்து போனை எடுத்தால் கேஷியரிடமிருந்து பதினாலு மிஸ்டு கால்!

"சார், எங்க இருக்கீங்க? கூலி ஸ்லிப் வரலை. நெசவாளருங்க காலையிலேர்ந்து காத்திருக்காங்க!"

முந்தின நாள் ஒருத்தர் அறுபது பக்கத்தை ஏ3-யில் தட்டிவிட்டு லீவில் வேலூர் போய்விட்டார். அந்த வேலை வரிசையின் தலையில் உட்கார்ந்து வழி மறிக்கிறது. தன் வேலையை அவர் நீக்கலாம். இல்லாவிட்டால் நான் நீக்கலாம். வேறு யாராலும் முடியாது. பிரிண்டரை மூன்று தரம் அணைத்துப் போட்டார்களாம். கேட்குமா? வரிசை இருப்பது கம்ப்யூட்டரில் அல்லவா!

கூட்டத்தை நீந்தி ஆபீஸ் சேர ஒன்றரை மணி நேரம். பெஞ்சில் ஒரு பெரியவர். அவர் மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. கூலியை வாங்கியதும் திருவிழாக் கடையில் வளையல் என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தாராம். இரண்டே க்ளிக். ஸ்லிப்புகள் சரசரவென்று வந்தன.

"என்ன தம்பி, பூட்டிட்டியாமே?" என்றார் பெரியவர்.

அசடு வழிய விளக்கினேன். சிரித்தார்.

"சரிதான். எங்க தறியிலயும் ஜக்கார்டு அட்டையை ஆளாளுக்குத் தொட வுட மாட்டோம். ஒரு அட்டை மாறினா டிசைனே போயிடும். ஆனா, இழை அறுந்தா முடிச்சுப் போட வூட்ல எல்லாருக்கும் தெரியும். அதுக்குக்கூட ஒரே ஆளுன்னா தறி எப்படிப்பா ஓடும்?"

சுருக்கென்றது. அட்டை வேறு, முடிச்சு வேறு. நான் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தேன்.

மறுநாளே மாற்றினேன். பிரிண்ட் எடுப்பது எல்லோருக்கும். வரிசையைச் சரி செய்வது கேஷியருக்கும் சீனியர் கிளார்க்குக்கும். பொது அமைப்பை மாற்றுவது எனக்கும், நான் இல்லாதபோது மானேஜருக்கும்.

அதற்கப்புறம் யாரும் சீலிங் ஃபேனைப் பார்ப்பதில்லை. கோயிலில் என் போனும் அலறுவதில்லை.

சம்பளம்? அதே!